சாக்பீஸ் கேபின்

சம்பந்தி வருவதற்குள் எக்ஸ்ரே அம்மா ஹாலில் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் மூன்று தடவை இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். வருகிறவள் தனக்கு வலது பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இடது காது சுத்தமாகப் போய் ஒன்பது வருஷமாகிறது. வலது காதில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத்தை, முடிக்குள் ஒளித்து மாட்டியிருந்த குட்டி மெஷின்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும். "உங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று மருமகளிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பெண் கொடுத்த வீட்டில் மாமியார் செவிடு என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அப்புறம் சாகும்வரை அதுதான் பெயர்.

ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள் அவள். எக்ஸ்ரே அறை நிலவறையில் இருந்தது. ஈயத்தகடு அடித்த கதவு, நாலு பக்கமும் சுவர், ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே மழை பெய்கிறதா என்பதை, வருகிற நோயாளியின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஊரில் இருக்கிற அத்தனை பேர் நெஞ்சுக்கூட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவளுக்கு, பகல் வெளிச்சம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிடைத்தது. ஓய்வு பெற்ற அன்று மகன், "என்னம்மா வேணும் உனக்கு?" என்று கேட்டான். யோசிக்கவே இல்லை. "கப்பல்ல ஒரு தடவை போகணும்டா. காலையில கண்ணத் தொறந்தா எதிர்ல ஜன்னல் இருக்கணும், அதுல வேற ஒண்ணுமே இருக்கக் கூடாது, தண்ணியும் வெளிச்சமும்தான்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மகன் விசாரித்தான். அப்போதுதான் அந்தச் சங்கதி தெரிந்தது. கப்பல்காரர்கள் அறையை ஆளுக்கு விற்பதில்லை, ஜோடிக்கு விற்கிறார்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற கட்டணம், இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒருவருக்கு. தனியாகப் போகிறவர் காலியாகக் கிடக்கிற கட்டிலுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். "உங்கப்பா போய் ஆறு வருஷமாச்சு. அவருக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்றானா?" என்று கேட்டுச் சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் சுருக்கென்றது. இரண்டு கட்டணம் கட்ட அவளிடம் இல்லை. மகனிடம் வாங்க மனசில்லை.

அந்த நேரத்தில்தான் மருமகள், துணி மடித்துக்கொண்டே, "எங்கம்மாவும் ரிட்டயர் ஆகி வீட்லதான இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்து போயிட்டு வாங்களேன் அத்தை" என்றாள். அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று சரி சொன்ன எக்ஸ்ரே அம்மா அதற்கப்புறம் பலமுறை யோசித்தாள். சம்பந்தி பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவள். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு தடவைகூட முகம் சுளித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் ஒரு தடவைகூட மனம்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. "நீங்க நல்லா இருக்கீங்களா சம்பந்தி?" "இருக்கேன் சம்பந்தி, நீங்க?" அவ்வளவுதான். கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது போன்ற உறவு அது.

டைம்கீப்பரம்மா ஒரு நீள நோட்டுப் புத்தகத்துடன் களத்தில் இறங்கினாள். மூன்று கப்பல், மூன்று பத்தி. முதல் கப்பலுக்குச் சந்தைக் கப்பல் என்று பெயர் வைத்தாள். நாலாயிரம் பேர், நீர்ச்சறுக்கு, பதினாலு சாப்பாட்டுக்கூடம். நுழைவதற்குக் காசு கம்மி, நுழைந்த பிறகு காப்பிக்குத் தனிக் காசு, இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு, சிப்பந்திகளுக்கு நாள் கணக்கில் தனிக் காசு. இரண்டாவது பள்ளிக்கூடக் கப்பல். பொம்மை வேஷம் போட்டவர்கள் தாழ்வாரத்தில் திரிவார்கள், பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத்தான் சரிப்படும், விலையும் யானை விலை. மூன்றாவதை ஆஸ்பத்திரிக் கப்பல் என்றாள். வயசானவர்கள் அதிகம், சத்தம் கம்மி, சாயங்காலம் பியானோ, நூலகம், சாப்பாடும் காப்பியும் கட்டணத்திலேயே அடக்கம். அதில் நூற்றியறுபது சதுர அடியில் இரண்டு கட்டில் போட்ட கேபின், ஒரு சுவர் முழுக்க ஜன்னல். எக்ஸ்ரே அம்மா அந்தப் படத்தைப் பார்த்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. "உங்க இஷ்டம் சம்பந்தி" என்றாள். "அய்யோ, நீங்க சொல்றதுதான் சம்பந்தி" என்றாள் டைம்கீப்பரம்மா.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. சம்பந்தி பிடி கொடுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் சந்தைக் கப்பலைத்தான் மெல்ல மெல்ல முன்னால் தள்ளினாள். அதில் ஒற்றை ஆள் கேபின் என்று ஒன்று இருக்கிறதாம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக் கப்பலில் ஒன்றாகத் தங்குகிற கணக்கேதான் வருகிறதாம். ஜன்னல் மட்டும் கிடையாதாம். சுவரில் ஒரு திரை வைத்து, வெளியே தெரிகிற கடலைப் படமாகக் காட்டுவார்களாம். எக்ஸ்ரே அம்மாவுக்கு இரண்டு விதத்தில் வலித்தது. ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதற்குக் கடலுக்குப் போவானேன், அதைத்தானே முப்பத்துநாலு வருஷம் செய்தாள். அதைவிட, என்னோடு ஓர் அறையில் ஏழு நாள் படுக்க இந்த அம்மாவுக்கு அவ்வளவு கசக்கிறதா என்ற நினைப்பு. இந்தக் கட்டணம் நாளைச் சாயங்காலம் ஐந்து மணி வரைதான் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஜன்னல் போனால் போகிறது, சந்தைக் கப்பலுக்கே சரி சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

டைம்கீப்பரம்மா மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்து நாற்காலியில், நல்லவேளையாக வலது பக்கத்து நாற்காலியில், உட்கார்ந்தாள்.

"ஏஜென்ட்கிட்ட ஒண்ணு கேட்டேன் சம்பந்தி. அந்த ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்கும்னு."

"என்ன சொன்னாரு?"

"ரெண்டரை அடியாம். நடுவுல தடுப்பு ஏதாவது போடுவாங்களான்னு கேட்டேன். சிரிக்கிறாரு."

எக்ஸ்ரே அம்மா மென்று விழுங்கினாள். தடுப்பு வேறா.

"ரெண்டரை அடின்னா கண்ணுக்குப் பிடிபடல" என்று டைம்கீப்பரம்மா பையைத் திறந்தாள். அளவு நாடா ஒன்று வந்தது, சாக்பீஸ் டப்பா ஒன்று வந்தது. "டிப்போவுல புது பஸ் வர்றதுக்கு முன்னாடி, அது எடத்துல நிக்குமான்னு தரையில கோடு போட்டுப் பாத்துருவோம். காகிதத்துல நிக்கிறதெல்லாம் தரையில நிக்காது. போட்டுப் பாக்கலாமா?"

நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். ஒருத்தி நாடாவின் நுனியைக் கால் பெருவிரலால் அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தி முட்டியில் கை ஊன்றிக் குனிந்து கோடு இழுத்தாள். எட்டடி அகலம், இருபதடி நீளம். இது கதவு. இது குளியலறை, நின்றால் திரும்ப முடியாது. இது அலமாரி. டைம்கீப்பரம்மா இரண்டு கட்டிலையும் வரைந்து, நடுவில் ரெண்டரை அடிச் சந்து விட்டாள். ஹாலின் நீளமே பதினெட்டடிதான் என்பதால், மடக்குக் கதவை முழுக்கத் திறந்துவிட்ட வாசல் வழியாக, கேபினின் கடைசி இரண்டடி வெயிலுக்குள் போய் முடிந்தது. அந்தக் கோடியில், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒரு கோடு போட்டு, "இது ஜன்னல்" என்று பேருக்குச் சொல்லிவைத்தாள்.

எக்ஸ்ரே அம்மா கதவு வழியாகவே உள்ளே போனாள். கோட்டைத் தாண்டிக் குறுக்கே போக ஏனோ மனம் வரவில்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே நடந்து ஜன்னலுக்குப் போய் நின்றாள். எதிரே எதிர்வீட்டு மதில்தான் இருந்தது, அதில் காய்கிற இரண்டு போர்வை. இருந்தும் முகத்தில் வெயில் பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரே ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

"கட்டில் ரெண்டரை அடி அகலம். நான் இதுல கொள்ளுவேனா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உள்ளறையிலிருந்து எடுத்து வந்த போர்வையை நாலாக மடித்துக் கோட்டுக்குள் விரித்து, டைம்கீப்பரம்மா காலை நீட்டிப் படுத்தாள். "கொள்ளுது" என்றாள் ஆச்சரியமாக. "ரெண்டு மூணு நாளா சரியா தூக்கமே இல்ல சம்பந்தி. இந்தக் கப்பல் யோசனைதான். அஞ்சு நிமிஷம் கண்ண மூடிக்கட்டுமா?"

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் எக்ஸ்ரே அம்மா தெருவில் ஏதோ வண்டி நிற்கிறது என்று நினைத்தாள். காதில் விரலை வைத்து மெஷினைச் சரி பார்த்தாள். வண்டி தெருவில் இல்லை. தரையில் சாக்பீஸ் கோட்டுக்குள், நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் மேடு ஏறுகிற பஸ்ஸைப் போல் சம்பந்தி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஏறி, உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்று, தடதடவென்று இறங்கியது. அப்புறம் மறுபடியும் மேடு.

எக்ஸ்ரே அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகச் சம்பந்தி கேட்ட கேள்வியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒற்றை ஆள் கேபின். ரெண்டரை அடி. தடுப்பு. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். பாவம், இந்த அம்மா இத்தனை நாளும் இந்தக் கனத்தைச் சுமந்துகொண்டா நோட்டுப் புத்தகத்தில் பத்தி பிரித்துக்கொண்டிருந்தாள். பையன் வீட்டுக்காரி முன்னால் மானம் போய்விடும் என்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே தன் கை முடிக்குள் போய் மெஷினைத் தொட்டுப் பார்ப்பதையும் கவனித்தாள். கேபினில் ராத்திரி இதைக் கழற்றி எங்கே ஒளித்து வைப்பது என்று அவளும் தூக்கம் கெட்டுத்தான் கிடந்தாள்.

தன் சத்தத்தில் தானே விழித்துக்கொண்டு டைம்கீப்பரம்மா எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறிவிட்டது. சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கேட்டுச்சா சம்பந்தி?"

இல்லையே என்ற பதில் எக்ஸ்ரே அம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று வருஷப் பழக்கம் அது. அப்படிச் சொன்னால் மரியாதை நிற்கும், ஜன்னல் போய்விடும். ஜன்னல் மட்டுமா போகும் என்று தோன்றியது.

"கேட்டுச்சு" என்றாள். "நல்லாவே கேட்டுச்சு."

டைம்கீப்பரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரரு இருந்த காலத்துல பக்கத்து வீட்டுக்கே போயிப் படுத்துக்குவாரு. இதுக்குத்தான் தனித்தனியா எடுக்கலாம்னேன். உங்கள வேண்டாம்னு இல்ல. உங்க பக்கத்துல ஏழு ராத்திரி இப்படிக் கத்திட்டு, மறுநாள் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்களோட காப்பி குடிப்பேன்?"

எக்ஸ்ரே அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, கதவு வழியாகக் கேபினுக்குள் போய், இன்னொரு கட்டிலின் கோட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொண்டையைத் தளர்த்தி முடியை விலக்கினாள். வலது காதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"என்னது இது?"

"காது மெஷின். இது இல்லேன்னா ஒண்ணும் கேக்காது எனக்கு. இடது பக்கம் சுத்தமாவே கிடையாது."

டைம்கீப்பரம்மா எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"கல்யாணத்தன்னிக்கு, சாப்டீங்களா சம்பந்தின்னு பக்கத்துல நின்னு மூணு தடவ கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல நீங்க. மூணு வருஷமா மனசுலயே வெச்சிருக்கேன்."

"எந்தப் பக்கம் நின்னீங்க?"

டைம்கீப்பரம்மா கையை மெல்லத் தூக்கி, எக்ஸ்ரே அம்மாவின் இடது தோளைத் தொட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அடங்கினாற்போல் இருக்கும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தவுடன் மறுபடி ஆரம்பிக்கும். டைம்கீப்பரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பொண்ணுக்குத் தெரியுமா, இந்தக் காது விஷயம்?"

"தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

"நானும் குறட்டைக்கு வாங்கியிருக்கேன்."

துணி மடித்துக்கொண்டே சொன்னாளே மருமகள், ஒன்றும் தெரியாத பூனை மாதிரி. இரண்டு சத்தியத்தையும் காப்பாற்றிவிட்டு, இரண்டு கிழவிகளையும் ஒரே அறைக்குள் தள்ளிவிடப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கு அந்த ஜன்னல் வேணும் சம்பந்தி" என்றாள் எக்ஸ்ரே அம்மா. "ஆஸ்பத்திரிக் கப்பல்ல இருக்குற ஜன்னல். நான் படுக்கும்போது இதக் கழட்டி டப்பாவுல வெச்சிருவேன். அப்புறம் நீங்க ஒரு டிப்போ பஸ்ஸையும் ஸ்டார்ட் பண்ணுங்க, எனக்குக் கப்பல் சங்கே கேக்காது."

அதை நம்ப வைக்க வேண்டும் என்றோ என்னவோ, மெஷினைக் கழற்றி அதன் சின்ன டப்பாவில் போட்டு மூடிச் சம்பந்தியின் கையில் கொடுத்துவிட்டாள். உடனே எல்லாம் அடங்கியது. மின்விசிறியின் சத்தம் போயிற்று, தெரு போயிற்று. டைம்கீப்பரம்மா ஏதோ சொன்னாள், உதடு அசைவது தெரிந்தது. கேட்காது என்று எக்ஸ்ரே அம்மா சிரித்துக்கொண்டே தலையசைத்தாள்.

டைம்கீப்பரம்மா சாக்பீஸை எடுத்தாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்த சந்தில், எக்ஸ்ரே அம்மாவின் கைக்கெட்டுகிற இடமாகப் பார்த்து ஒரு சின்னக் கட்டம் வரைந்து, டப்பாவை அதற்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு முட்டியில் கை ஊன்றி எழுந்து, வெயில் விழுகிற கோடிக்குப் போனாள். முன்பு பேருக்குப் போட்ட ஜன்னல் கோட்டைப் பாதத்தால் தேய்த்து அழித்தாள். குனிந்து, இந்தச் சுவர்க் கோட்டிலிருந்து அந்தச் சுவர்க் கோடு வரை, எட்டடிக்கும் ஒரே கோடாக இழுக்க ஆரம்பித்தாள்.