ஐந்துக்கு எந்தப் பக்கம்

குமரகுருவுக்குக் கணக்கு தெரியாது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. மல்லசமுத்திரம் தாண்டி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே நிற்கும் எங்கள் விடுதிப் பள்ளியில் அவர்தான் கணிதத் துறைத் தலைவர். நான் அவருக்குக் கீழே பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் கோகிலவாணி. அவருக்கு ஏசி அறை உண்டு, பெயர்ப்பலகை உண்டு, பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள் உண்டு. கணக்கு மட்டும் கிடையாது.

எங்கள் பள்ளியில் அரசுப் பாடநூலை யாரும் திறப்பதில்லை. நாங்களே அச்சடித்து விற்கும் ‘மெட்டீரியல்’ என்ற தடிப் புத்தகம்தான் வேதம். முன்னால் கேள்விகள், கடைசியில் விடைகள். அந்த விடைப் பகுதிக்குக் ‘கீ’ என்று பெயர். அண்ணன் படித்த மெட்டீரியலைத் தம்பி வைத்துக்கொண்டால் புதியதை எவன் வாங்குவான்? அதனால் வருஷா வருஷம் குமரகுரு உட்கார்ந்து, கேள்விகளில் எண்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போடுவார். அதற்குப் பெயர் புதிய பதிப்பு. இந்த வருஷம் மகானுபாவர் ஒரு கேள்வியை மாற்றிவிட்டு அதன் விடையை மாற்ற மறந்துவிட்டார்.

போன வருஷக் கேள்வியில், வர்க்கமூலத்துக்குள் ஐந்து கழித்தல் எக்ஸ் இருந்தது. அந்தச் சார்பின் மதிப்பகம் என்ன, அதாவது எக்ஸ் இருக்கும் இடத்தில் எந்தெந்த எண்ணைப் போடலாம் என்பது கேள்வி. வர்க்கமூலத்துக்குள் குறை எண் வரக் கூடாது. ஆகவே ஐந்தும் அதற்குக் கீழே உள்ளவையும் விடை. சரி. இந்த வருஷம் அதை எக்ஸ் கழித்தல் ஐந்து என்று திருப்பிப் போட்டார். இப்போது ஐந்தும் அதற்கு மேலே உள்ளவையும்தான் செல்லும். கீயிலோ பழைய விடையே இளித்துக்கொண்டிருந்தது. வீச்சகம், அதாவது சார்பிலிருந்து வெளியே வரும் எண்கள், இரண்டு கேள்விக்கும் ஒன்றேதான்: சுழியும் அதற்கு மேலும். அந்தப் பாதியாவது தப்பிப் பிழைத்தது, குமரகுருவின் தயவில்லாமல்.

நேரே போய்ச் சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க மிஸ், மெட்டீரியல் அச்சாகி பைண்டிங்கும் முடிஞ்சு போச்சு. இப்பப் போயித் தப்புன்னா கரஸ்பாண்டென்ட் என்னையத்தானுங்க கேப்பாரு. பசங்களும் கொழம்பீருவாங்க. இருக்கறத அப்படியே நடத்தீட்டுப் போங்க.”

நான் அப்படியே நடத்தவில்லை. வகுப்பில் சரியான விடையைப் போட்டுக் காட்டினேன். நான்கைப் போட்டால் உள்ளே மைனஸ் ஒன்று வந்து நிற்பதையும், ஆறைப் போட்டால் ஒன்று வருவதையும் காட்டினேன். எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்கள். வாரத் தேர்வில் அதே கேள்வி வந்தது. தாள் திருத்துவது நானில்லை, கீயை வைத்துத் திருத்த ஒரு தனி அறையே இருக்கிறது. அது பிள்ளைகளுக்கும் தெரியும். அத்தனை பேரும் கீயில் உள்ளதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். என்னை நம்பி ஒரே ஒருவன் சரியாக எழுதினான். கௌசிக்.

அவன் ஏற்கெனவே மனப்பாடம் வராமல் வாரத் தேர்வுகளில் அடி வாங்கியவன். இதிலும் தேறாவிட்டால் டிசி என்று எச்சரித்திருந்தார்கள். அந்த ஒரு கணக்கால்தான் தேறாமல் போனான். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்ட வேண்டுமானால், தேறாத பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே வெளியே தள்ளிவிட வேண்டும். இதுதான் எங்கள் பள்ளியின் கல்விச் சேவை! நடு வருஷத்தில் இங்கிருந்து டிசியோடு போகிறவனை வேறெந்தப் பள்ளியும் தொடாது. எடப்பாடியில் யாரோ ஒருவருடைய விசைத்தறியை ஓட்டுகிற அவன் அப்பா மயில்சாமிக்கு, அவனைத் தன் பக்கத்துத் தறியில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் பார்க்க வரும் நாளில், மயில்சாமியையும் கௌசிக்கையும் தாளாளர் கண்ணுசாமியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். குமரகுரு முன்பே அங்கே இருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். கண்ணுசாமி திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் பூமியில் ஓட்டை போட்டுச் சம்பாதித்தவர். இப்போது பிள்ளைகளின் மண்டையில் போடுகிறார்.

“பையன் எழுதுனதுதான் சரிங்க சார். கீதான் தப்பு” என்றேன்.

கண்ணுசாமி குமரகுருவைப் பார்த்தார். குமரகுரு மெட்டீரியலைத் திறந்து விடையின் மேல் விரலை வைத்து நீட்டினார். அச்சில் இருந்தது. கண்ணுசாமிக்கு அது போதும்.

“நாலைப் போட்டுப் பாருங்க சார், ஒரு நிமிஷம்” என்றேன் குமரகுருவிடம்.

“நாலு எதுக்குங்க மிஸ்? கேள்வியில நாலே இல்லையே.”

“ஆமா, நாலு எங்கிருந்து வந்துச்சு?” என்றார் கண்ணுசாமி.

அட கருமமே! இந்த இரண்டு பேரும் சேர்ந்து டாக்டர்களை உருவாக்குகிறார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் சார் என்று கத்தினேன். எழுந்து போய்ப் பலகையில் எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டேன். கண்ணுசாமி கையமர்த்தினார்.

“சண்டை வேண்டாம். பையனையே இன்னொருக்கா கேட்டுப்போடலாம். சரியாச் சொன்னா இருக்கட்டும், சொல்லாட்டி டிசிய வாங்கிட்டுப் போகட்டும். எனக்கென்ன, கூடவா கொறையவா.”

தான் பெரிய தர்மப்பிரபு என்று அவருக்கு நினைப்பு. குமரகுரு கேள்வியைப் படித்தார். விரல் விடையின் மேலேயே இருந்தது. கௌசிக் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன், சொல்லுடா என்று. அவன் அப்பாவைப் பார்த்தான்.

“அஞ்சும் அதுக்குக் கீழ இருக்கறதெல்லாமுங்க சார்.”

குமரகுரு மேசையைத் தட்டினார். கண்ணுசாமி என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“பாத்தீங்களா மிஸ்? பையனுக்கே தெரியுது. நீங்கதான் கொழப்பி உட்டிருக்கறீங்க.”

வெளியே வராந்தாவில் மயில்சாமி மகனைக் கட்டிக்கொண்டார். “நல்லாச் சொல்லீட்ட சாமி, நல்லாச் சொல்லீட்ட” என்று அவன் முதுகைத் தடவினார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க பேசுனதுனாலதானுங்க மிஸ் ஒருக்காக் கேட்டாங்க.” சாப்பாட்டுப் பையை எடுத்துவர வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினார்.

இத்தனைக்கும் பிறகு இவனும் அந்தக் கும்பலோடு சேர்ந்துவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் தூணோரம் இழுத்து நிறுத்தினேன்.

“நாலைப் போட்டா என்னடா வரும்?”

“உள்ளுக்குள்ள மைனஸ் ஒண்ணு வருமுங்க மிஸ். போடக் கூடாது.”

“தெரியுதில்ல? அப்புறம் ஏன்டா அப்படிச் சொன்னே? உனக்கு வெக்கமா இல்ல?”

அவன் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“நீங்க பேசிட்டே இருந்தீங்க மிஸ். அப்பா அவ்வளவு நேரமும் நின்னுட்டே இருந்தாருங்க. ஒருத்தருமே உக்காருன்னு சொல்லல.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் அத்தனையும் பேசியிருந்தேன்.