வந்து நின்றவர்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்து, இளந்தாரிகள் டோகாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில், பழைய மிளகாய்க் கிட்டங்கி ஒன்றைப் பிடித்து ‘கூடம்’ என்று பெயர் வைத்தவள் றேணுகா. படம் வரையலாம், நாடகம் போடலாம், வாய் வலிக்கும்வரை கருத்துக் கதைக்கலாம், எல்லாம் இலவசம். “சோத்துக்கே வழியில்லை, இதில சித்திரம் ஒரு கேடோ?” என்று தெரு சிரித்தது. சிரித்தவர்களே பின்னேரங்களில் வந்து பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்கள். சுவரில் ஊறிய மிளகாய்க் காரத்தில் தும்மாமல் போனவர் எவருமில்லை.

கூடத்துக்கு ஒரு பிடிவாதமான வழக்கம் இருந்தது. எந்தக் கண்காட்சி முடிந்தாலும் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். எவ்வளவு அழகான வேலையென்றாலும் சரி, தயவுதாட்சணியம் கிடையாது.

ஓகஸ்டில் தொடங்கியது நிழல் வேலை. மேற்குப் பக்கப் பெருங்கதவைத் திறந்தால் ஐந்து மணி வெயில் எதிர்ச் சுவரில் விழும். வருகிறவர் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஆளுக்கோர் இடத்தில் நிற்க, கூடத்தில் வேலை செய்யும் ரூபிகாவோ கஜீவனோ அவருடைய நிழலைச் சுற்றிக் கரியால் கீறி, உள்ளே கறுப்புப் பூசுவார்கள். நின்ற இடத்தில் நீலச் சாயத்தால் இரண்டு பாதம். சுவரில், நிழலின் கீழே, அவர் பெயர். முதல் நாளே றேணுகா மைக்கைப் பிடித்துச் சட்டம் போட்டாள்: “செத்த ஆக்கள், வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் எண்டு போட்டோவைக் கொண்டுவராதேங்கோ. இஞ்ச வந்து நிண்ட ஆளுக்கு மட்டும்தான் இந்தச் சுவரில நிழல்.” கை தட்டினார்கள். அவளுக்கும் தன் பேச்சு நன்றாகத்தான் பட்டது. அந்தப் பேச்சு தன் வீட்டுக்கே வந்து கதிரை போட்டு உட்காரும் என்று அவள் கண்டாளா!

வீட்டில் அவளும் தாய் மாக்ரெட்டும்தான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அண்ணன் கிறிஸ்ரியை, யுத்தம் முடிவதற்கு முதல் வருடம், வேலைக்குப் போகிற வழியில் வான் வண்டி ஒன்றில் யாரோ ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஆளுமில்லை, உடம்புமில்லை. பதினேழு வருடமாக மாக்ரெட் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. படியில் யார் கால் வைத்தாலும் பாதிச் சோற்றில் எழும்பிவிடுவாள். றேணுகாவுக்கு அண்ணன் மேல் பாசம் இல்லாமலில்லை. அந்தக் காத்திருப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் வெறுத்துப்போயிருந்தது. கெஞ்சியும் சண்டை பிடித்தும், ஒருவழியாக இந்த நவம்பரில் அவனுக்கு ஆன்ம சாந்திப் பூசை வைக்கத் தாயைச் சம்மதிக்க வைத்திருந்தாள். இனியாவது மனுசி ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடும் என்று நினைத்தாள்.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம் மாக்ரெட் தன் நிழலைப் பார்க்க வந்தாள். ஓகஸ்டில் அவளையும் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனவள் சுவரின் கடைசியில் நின்றுவிட்டாள். அங்கே உயரமான ஓர் ஆணின் நிழல். இடத்தோள் கொஞ்சம் இறங்கி, கழுத்தை ஒரு பக்கம் சரித்த நிற்பு. கீழே பெயர் இல்லை.

“கிறிஸ்ரி,” என்றாள் மாக்ரெட்.

றேணுகா கிட்டப் போய்ப் பார்த்தாள். அண்ணன் அப்படித்தான் நிற்பான். ரூபிகாவைக் கேட்டால் கஜீவன் கீறினதாக நினைத்தேன் என்றாள். கஜீவனைக் கேட்டால் ரூபிகாவைக் காட்டினான்.

“மம்மி, அது ஆரோ ஒரு ஆள்.”

“ஆரோ எண்டா பேர் எங்க? வந்து நிண்ட ஆளுக்குத்தான் நிழல் எண்டு நீதானே சொன்னனீ. அவன் வந்திருக்கிறான். பேர் சொல்லப் பயந்து போயிட்டான்.”

மறுநாளே போய்ப் பூசை வேண்டாம் என்று கோயில் பாதரிடம் சொல்லிவிட்டாள். “உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்குப் பூசை?”

அன்றிலிருந்து பின்னேரமானால் மாக்ரெட் அந்த நிழலுக்கு முன்னால் கதிரை போட்டுவிடுவாள். மெல்லிய குரலில் ஏதோ கதைப்பாள். நடுவில் நிறுத்தி, பதில் கேட்கிறவள் மாதிரித் தலையாட்டுவாள். கூடத்துக்கு வந்த சனங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சிலர் அந்த மூலையைக் கடக்கும்போது சிலுவை போட்டார்கள். தனியாகக் கதவு பூட்டமாட்டேன் என்று ரூபிகா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். றேணுகாவும் வெயில் இறங்கியபின் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்த்தால் அந்தத் தோள் அசையும்போல இருந்தது.

கண்காட்சி முடிகிற கிழமை, வாடகைக் கதிரைகளை ஏற்றிப்போக கொலன்னாவையிலிருந்து லொறியோடு வந்த ஸ்ரான்லி, அந்தக் கடைசி நிழலைப் பார்த்துச் சிரித்தான். “அக்கா, இது நான்தானே. ஓகஸ்டில கதிரை இறக்க வந்த அண்டைக்கு, நீங்க எல்லாரும் வாசலில பாட்டுக் கேட்டுக்கொண்டு நிக்கேக்க, லொறியில என்னோட வந்த உதவிக்காரப் பெடியன் விளையாட்டுக்குக் கீறினது.”

றேணுகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசி நாள் ஐந்து மணிக்கு அவனை வரச்சொன்னாள். சுண்ணாம்பு வாளி தயாராக இருக்க, தாயின் கண்முன்னாலேயே அவனை அந்தக் கடைசி நிழலுக்குரிய நீலப் பாதங்களில் ஏற்றி நிறுத்தினாள்.

அவன் நிழல் அந்தக் கறுப்பின் மேல் விழவில்லை. இடப்பக்கம் விலகி, பக்கத்து நிழலில் போய் ஏறியது.

“பாத்தியா,” என்றாள் மாக்ரெட். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “இவன் இல்லை.”

றேணுகா கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. “வெயில் தெற்கால போயிட்டுது மம்மி. ஓகஸ்ட் வெயில் இல்லை இது. இப்ப ஆர் நிண்டாலும் பொருந்தாது.”

“எனக்குப் பொருந்தும்,” என்று மாக்ரெட் செருப்பைக் கழற்றிவிட்டுத் தனக்குரிய நீலப் பாதங்களில் போய் நின்றாள். அவள் நிழலும் விலகித்தான் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்சம் சரிந்து பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். நிழல் வரவில்லை. ஸ்ரான்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ர நிழலே எனக்குப் பொருந்தேல்ல,” என்றாள் மாக்ரெட். பிறகு கடைசி நிழலைப் பார்த்துச் சொன்னாள்: “அவனுக்கு இப்ப நாப்பத்தெட்டு வயசு, என்ன? தலையும் நரைச்சிருக்கும். இப்ப வந்து நிண்டாலும் அவனுக்கும் பொருந்தாது. நான் முப்பத்தொரு வயசுப் பிள்ளையை எல்லே பாத்துக்கொண்டிருக்கிறன்.”

மாக்ரெட் செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

“பாதரிட்டச் சொல்லு, பூசையை வைக்கட்டும்.”

மாக்ரெட் வாளியிலிருந்து தூரிகையை எடுத்தாள். கடைசி நிழலுக்குப் போய், காலிலிருந்து தொடங்கினாள். கால் போனது, இடுப்புப் போனது. இத்தனை வருடம் றேணுகா கேட்டது இதைத்தான். நிம்மதி வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். அது வரவில்லை; அண்ணன் இன்னொரு முறை போவதுபோல இருந்தது. தூரிகை அந்த இறங்கிய தோளுக்கு வந்தபோது, எட்டித் தாயின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“மம்மி, அதை விடுங்கோ. நாளைக்கு அடிப்பம்.”

“விடு மகள், சுண்ணாம்பு காயுது.”

மாக்ரெட் கையை மெல்ல இழுத்தாள். றேணுகா விடவில்லை.