மட்டமான பெட்டி

கரி அடுப்புக்கு ஓரவஞ்சனை அதிகம். கம்பிமேல் எதை வைத்தாலும் நடுவில் இருப்பதைப் பொசுக்கும், ஓரத்தில் இருப்பதை ஏறெடுத்தும் பார்க்காது. இறைச்சி என்றால் புரட்டிப் புரட்டிப் போட்டுச் சமாளித்துவிடலாம். பன்னையும் கேக்கையும் அப்படிப் புரட்ட முடியுமா? அடி கரியாகி, மேலே பச்சை மாவாகி, நடுவில் மட்டும் ஏதோ வெந்த மாதிரி பாவனை காட்டும். இந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்கக் கிளம்பியவள்தான் குழாயம்மா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று கொண்டுபோகும் தகரக் குழாய்களை வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காற்று எங்கே திரும்பும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. என்ன பிரயோசனம்? அவள் வரைந்த குழாய்கள் எல்லாம் கூரைப் பலகைக்கு மேலே போய் மறைந்துவிடும். யாரும் அண்ணாந்து பார்த்து, "அடடா, என்ன வளைவு!" என்று வாய் பிளந்ததில்லை. ஒருத்தராவது மூடியைத் திறந்து பார்த்து ரசிக்கிற மாதிரி ஒரு பொருளைச் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்றால் சும்மா இல்லை, தூக்கத்தைக் கெடுக்கிற ஆசை.

அப்படிப் பிறந்ததுதான் உள்பெட்டி. தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ வைத்து எரிக்கிற கிரில் அடுப்புக்குள் வைத்து மூடினால் அடுப்பே ஓவனாகிவிட வேண்டும். பெட்டிக்கு இரட்டைச் சுவர். நெருப்பு நேராக முகத்தில் அடிக்காதபடி அடியில் ஒரு தடுப்புத் தகடு. சூடான காற்று அதில் மோதி, நாலு பக்கச் சுவர் இடுக்கிலும் ஏறி, மேலே போய் உள்ளே இறங்கும். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

தகட்டை வெட்டிக் கொடுத்தவர் கணவர். அவர் டைல்ஸ் போடுபவர். வீட்டுக்குப் பின்னால் டைல்ஸ் அடுக்கிய கொட்டகைதான் இருவருக்கும் சோதனைச்சாலை. நல்ல மனிதர், சோம்பல் கிடையாது, கோபம் கிடையாது. ஒரே ஒரு கோளாறு, ஊரெல்லாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல்லை அவர் பாராட்டுவதற்கு வைத்திருந்தார். காலையிலிருந்து மாலைவரை ரசமட்டத்தின் குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, தரை மட்டமாக அமைவதைவிடப் பெரிய நன்மை உலகத்தில் கிடையாது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்குப் போய், புதிதாகப் போட்டிருந்த தரையைத் தடவிப் பார்த்து, "ரொம்ப மட்டமா இருக்கு அத்தை" என்று மனம் நெகிழ்ந்து சொன்னார். அந்த அம்மா ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை.

கூடவே இருந்து இருந்து குழாயம்மாவுக்கும் அது தொற்றிவிட்டது. படுக்கை விரிப்பு, அலமாரி, மகளின் நெற்றி முடி எல்லாமே அந்த வீட்டில் மட்டமாக இருந்தால்தான் நிம்மதி.

பெட்டிக்கு முதல் ஆள் பிடித்துக் கொடுத்தவள் நாத்தனார். அவள் ஒரு பேக்கரியில் கல்லாவில் இருந்தாள். அவளுடைய முதலாளி திறந்தவெளி விருந்துகளுக்கு ஆர்டர் எடுப்பவர். அங்கே போனால் எல்லாருக்கும் சுடச்சுட பன் வேண்டும். கரி அடுப்பில் எப்படிக் கொடுப்பது?

"நீ செஞ்சு கொண்டாம்மா. எங்க முதலாளி வாயில மட்டும் நல்ல வார்த்தை வந்துடுச்சுன்னா அப்புறம் நீ நிக்க நேரமிருக்காது" என்றாள் நாத்தனார்.

அன்று சாப்பாட்டு மேசையில் குழாயம்மா சபதமே போட்டாள். "அவரு சரின்னு சொன்னா வேலைய விட்டுட்டு இதுல எறங்கறேன். இல்லன்னா ரிட்டையர் ஆகற வரைக்கும் குழாய்தான். பெட்டின்னு வாயே திறக்க மாட்டேன்."

மகள், கணவர், நாத்தனார் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனிப் பின்வாங்க வழியில்லை.

கொட்டகையில் ஏழெட்டு முறை சுட்டுப் பார்த்து, பன் பன்னாகவே வந்த பிறகு, பெட்டியைப் பேக்கரியில் கொண்டுபோய் வைத்தார்கள். பேக்கரிக்காரர் ஒரு விசித்திரமான ஆள். அவர் குரலில் ஏற்றமும் இருக்காது இறக்கமும் இருக்காது. கடையில் தீப்பிடித்தாலும் டீ வந்தாலும் ஒரே குரலில்தான் சொல்வார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "கொல்லையில வச்சுப் பாத்துட்டு போன் பண்றேன்" என்றார். பிடித்ததா பிடிக்கவில்லையா, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

மறுநாள் மதியம் குழாயம்மா அலுவலகத்தில் ஒரு வளைவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கணவர் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"பேக்கரிக்காரர் போன் பண்ணாரு!"

"என்ன சொன்னாரு? சீக்கிரம் சொல்லுங்க."

"சுட்டுப் பாத்தாராம். மட்டமா இருக்குன்னு சொல்லிட்டாரு!"

"நிஜமாவா?"

"என் காதால கேட்டேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சொன்னாரு. ரொம்ப மட்டமா இருக்குன்னாரு!"

குழாயம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே சூடு, ஒரே வேக்காடு, மேடு பள்ளம் இல்லாத பன்! வேறென்ன வேண்டும்? அப்போதே ஒரு தாளை எடுத்து ராஜினாமா எழுதி, மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"நல்லா யோசிச்சுதான் செய்யறீங்களாம்மா?" என்றார் மேனேஜர்.

"யோசிச்சு யோசிச்சுதான் சார் இத்தனை வருஷம் இங்கயே ஓடிடுச்சு."

சாயங்காலம் வீட்டில் ஐஸ்கிரீம். கணவர் பெரிய டப்பாவாக வாங்கி வந்திருந்தார். மகள் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தபோது நாத்தனார் உள்ளே வந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவள் போல முகம்.

"என்னடா இது, ஐஸ்கிரீம் எல்லாம்?"

"உனக்குத் தெரியாதாக்கா? உங்க முதலாளி மட்டம்னு சொல்லிட்டாரே! இவ வேலையக்கூட விட்டுட்டா!"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். குழாயம்மாவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"டேய், மட்டம்னா மட்டம்டா! மோசம்! கேவலம்! ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை மாவு. அந்த மனுஷன் வாயில வச்சுட்டு அப்படியே துப்பிட்டாரு. நான் பக்கத்துலதானே நின்னேன்."

கணவர் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. "மட்டம்னா... நல்லதுதானேக்கா?" என்றார், பரிதாபமாக.

முதலில் சிரித்தது குழாயம்மாதான். சிரித்தாள், சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது? வார்த்தையை அப்படியே கொண்டுவந்து சேர்த்த கணவர்மேலா? அவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லையே. காலையில் வேலையும் பெட்டியும் இருந்தன. சாயங்காலம் இரண்டும் போய்விட்டன.

"நான் போய் உங்க மேனேஜர் கால்ல விழறேன்" என்றார் கணவர்.

"நீ ஒண்ணும் விழ வேணாம். போய் வேற எதையாவது சொல்லிட்டு வருவ" என்றாள் நாத்தனார். குழாயம்மா பக்கம் திரும்பினாள். "காலையில முதல் வேலையா அந்த லெட்டரை வாங்கிக் கிழிச்சுப் போடு."

குழாயம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எந்தப் பக்கம் கருகிச்சு அண்ணி?"

"ஆங்?"

"எந்தப் பக்கம் கரி, எந்தப் பக்கம் மாவு?"

நாத்தனார் கண்ணை மூடி யோசித்தாள். "சுவரு பக்கம் கருகிச்சு. கொல்லைக் கேட்டுப் பக்கம் வேகவே இல்ல. ஏன்?"

காலையில் குழாயம்மா அலுவலகத்துக்குப் போகவில்லை. பேக்கரியின் கொல்லைக்குப் போனாள். ஒரு பக்கம் கேட், எதிர்ப்பக்கம் உயரமான சுவர், நடுவில் அடுப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலி மாவுப் பை ஒன்று கேட் பக்கமிருந்து கிளம்பி, உருண்டு வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காற்று! கேட் வழியாக வந்த காற்று பெட்டிக்கு அடியில் புகுந்து, இருந்த சூட்டையெல்லாம் சுவர்ப்பக்க இடுக்குக்கே தள்ளிவிட்டிருக்கிறது. அவள் சுட்டுப் பார்த்த கொட்டகையிலோ காற்று எட்டிக்கூடப் பார்க்காது. வெளியே வைக்கும் அடுப்புக்கான பெட்டியை வீட்டுக்குள்ளேயே சோதித்த மேதாவி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதுவும் காற்றையே படித்து, காற்றிலேயே சம்பளம் வாங்கியவள்!

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார்.

"லெட்டரை இன்னும் மேல அனுப்பலம்மா. உங்க வீட்டுக்காரர் காலையில வந்து அழுதுட்டுப் போறாரு. அவரு சொன்னது பாதி புரியல. வேணும்னா நான் கிழிச்சுடட்டுமா?"

கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது, சரி. சரிசெய்ய முடியுமா என்பது தெரியாதே. கிழிக்கச் சொன்னால் நாளையிலிருந்து பழைய நாற்காலி, பழைய வளைவு. அந்தச் சொல்லை ஊரார் மாதிரி சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் அவள் இந்த ஜென்மத்தில் அந்தத் தாளை எழுதியிருக்க மாட்டாள். எழுதத் துணிந்த அந்த ஒரு மத்தியானம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் அவளால் மறக்க முடியவில்லை.

"அனுப்பிடுங்க சார்" என்றாள். சொல்லிவிட்டுப் போனை அணைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

பிறகு கொட்டகை அதகளப்பட்டது. பெட்டியின் காலைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு தகடு, காற்று அடியில் புகாமலிருக்க. தடுப்புத் தகட்டுக்குக் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பிரிப்புத் தகடுகள். அவள் கட்டடக் குழாய்களில் காலமெல்லாம் செய்த வித்தைதான், இந்த அறையின் காற்றை அந்த அறை திருடாமல் தடுப்பது. இனி நாலு சுவருக்கும் அதனதன் பங்கு. கணவர் மறுபேச்சுப் பேசாமல் வெட்டினார், மடக்கினார், ராவினார். முடிந்ததும் ரசமட்டத்தை மேலே வைத்தார். குமிழி நடுவில் நின்றது. முகம் மலர, வாயைத் திறந்தார்.

"எதுவும் சொல்லாதீங்க" என்றாள் குழாயம்மா.

வாயை மூடிக்கொண்டார்.

பேக்கரிக்காரரிடம் இன்னொரு தடவை கேட்பதற்கு நாத்தனாருக்கே கூச்சம். ஆனாலும் கேட்டாள். காற்று நன்றாக அடிக்கிற நாளாகவே குழாயம்மா தேர்ந்தெடுத்தாள். கொல்லையில் கயிற்றில் தொங்கிய துணிகள் படபடத்தன. பேக்கரிக்காரர் தட்டு நிறைய, ஓரத்துக்கு ஓரம் இடைவெளி விடாமல் பன் அடுக்கி, பெட்டிக்குள் தள்ளி, மூடியைப் போட்டார். கணவர் கேட்டைச் சாத்தப் போனார்; குழாயம்மா முறைத்ததும் திரும்பி வந்துவிட்டார்.

வாசனை முதலில் வந்தது. கருகல் வாசனை இல்லை. ஆனால் வாசனையை நம்பி என்ன செய்வது, மூடியைத் திறக்கட்டும். பேக்கரிக்காரர் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். தட்டை வெளியே இழுத்து, பன்களை அப்படியே ஒரு பெரிய கூடையில் கவிழ்த்து, கூடையை இரண்டு குலுக்குக் குலுக்கினார். பிறகு கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிட்டுத் தின்றார். இன்னொன்றை எடுத்தார், அதையும் தின்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உருட்டிப் பார்த்தார்.

கூடையை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல சுவரு பக்கம் இருந்தது எது? கேட்டுப் பக்கம் இருந்தது எது? எடுத்துக் காட்டுங்க."

குழாயம்மா குனிந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், அடியைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிப் பழகியவள். கூடை முழுவதையும் கிளறிவிட்டு நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"தெரியலைங்க" என்றாள்.

"எனக்கும் தெரியல" என்றார் பேக்கரிக்காரர். "பெட்டிய எடுத்துட்டுப் போயிடாதீங்க."