ஃபிரிட்ஜில் வைத்த ரத்தம்

என் அக்கா பஸ் ஓட்டுகிறாள். செத்துப்போன அத்தானிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிப் பதினான்கு வருடம் ஆகிறது. ஒரு மாத்திரை போட்டதில்லை. போடாமலேயே கிருமி அடங்கிக் கிடக்கிறது. நூற்றில் ஒருவருக்குக்கூட வாய்க்காத உடம்பு. கிருமி புகுந்த அணுக்களைத் தேடிப் பிடித்துக் கொல்கிற வெள்ளை அணுக்கள் அவளுக்கு அத்தனை சுறுசுறுப்பு. அந்தத் திமிர் அவளுக்கும் உண்டு.

ஓயாத சண்டையே இதயத்தைக் கெடுக்கலாம், அந்த அணுக்களும் ஒருநாள் அசந்துபோகலாம், மாத்திரையைப் போடுங்கள் என்று மருத்துவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நானும்தான்.

"என் ஆளுங்க பாத்துக்குவாங்க. நீ உன் வேலையப் பாருடி."

என் வேலையே அதுதானே! அந்த மருத்துவரின் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்காவின் ரத்தம் என் மேசைக்கு வரும். அவள் அணுக்களைப் பிரித்து, கிருமி புகுந்த அணுக்களோடு கலந்து விட்டு, மறுநாள் எத்தனை செத்தன என்று எண்ணுவேன். ஒரு முறை ஏசி பழுது, அறை கொதித்தது. மற்றவர்களின் குழாய்களை விதிப்படி மேசையிலேயே விட்டேன். அக்காவுடையதை மட்டும், ஐயோ வெந்துபோய்விடுமே என்று பதறி, ஃபிரிட்ஜில் வைத்தேன். குளிரில் வைத்தால் இந்த அணுக்கள் மந்தமாகிவிடும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளே நான்தான். பாசம் வந்தால் புத்தி புல் மேயப் போய்விடுகிறது.

மறுநாள் எண்ணினால், கிருமி புகுந்தவை அனேகமாக அப்படியே இருந்தன. ஏன் என்று உடனே புரிந்தது. சொல்லிவிடலாம் என்று மருத்துவரின் அறைக்குப் போனேன். கணினியில் முடிவைப் பார்த்துவிட்டு அவர் அதற்குள் அக்காவை வரவழைத்திருந்தார். "சரி, மாத்திரை குடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இருபது நாள் மூடியே இருந்தேன். அக்கா சமர்த்தாக மாத்திரை விழுங்கினாள். ஆனால் ஓயாமல் வாயடிக்கிறவள் பேச்சையே குறைத்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினாள்.

"எதுக்கு இப்ப இது?"

"வச்சுக்க. எனக்கு இன்னும் எத்தன நாளைக்கு?"

மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் எல்லாவற்றையும் கக்கினேன். வாங்கு வாங்கென்று வாங்கினார், நியாயம்தான். புதிதாக ரத்தம் எடுத்து, இந்த முறை மேசையிலேயே வைத்துச் சோதித்தோம். கிருமி புகுந்தவற்றில் பாதிக்குமேல் காலி.

அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அறைவாள் என்று நினைத்தேன், கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

"பாத்தியாடி என் ஆளுங்கள!" என்று மாத்திரை டப்பாவைக் குப்பைக்கூடையில் வீசினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"லூசு, இப்ப எதுக்கு அழற? நான் ஜெயிச்சதுக்கா?"

"தோத்துட்டேன்னு நினைச்சப்பதானேக்கா நீ மாத்திரை போட்ட? இந்தப் பதினாலு வருஷத்துல அந்த இருபது நாள்தான் நான் பயமில்லாம தூங்குனேன்."

அக்காவின் சிரிப்பு நின்றது. பிறகு குனிந்து டப்பாவை எடுத்தாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், அலமாரியில் வைத்தாள். திறக்கவில்லை.