ஏழாம் பீட்டில் சேராத கடிதங்கள்

ஏப்ரல் 18, வியாழன்.

முதலில் ஒரு பிழையை எழுதிவிடுகிறேன். இம்மாதம் மூன்றாம் தேதி, அலுவலகத் தாளில் ஏழாம் பீட்டுக்கு நேரே, சேராத கடிதங்கள் 1 என்று பதிந்தேன். 11 என்று எழுதியிருக்க வேண்டும். கை ஒரு கோட்டோடு நின்றுவிட்டது. அந்தப் பதினொரு கடிதங்களின் முத்திரையிலும் ஏப்ரல் 16 என்று இருந்தது. அதாவது, அவை தபாலில் போடப்படுவதற்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால், நான் படிக்கும் புள்ளியியல் மாலை வகுப்பில் மதிப்பெண் குறைப்பார்கள். அந்தப் பழக்கம் இங்கும் தொடர்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தபால் துறை ஓர் உறுதி கொடுத்தது: நாட்டில் எங்கே போட்டாலும் கடிதம் மூன்று நாளில் சேரும். சேர்கிறதா என்று அளக்க ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிரிவு வைத்தார்கள். எங்கள் ஊரில் அது பிரிப்பு மேசைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான். போட்ட தேதி, சேர்ந்த தேதி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இதுதான் வேலை. வாங்குபவர் கையில் கொடுத்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. கதவிடுக்கில் செருகினால் செல்லாது. முதல் ஆண்டில் மூன்றுகள் இரண்டுகளாயின, இரண்டுகள் ஒன்றுகளாயின. பிறகு பூஜ்யம் வந்தது. சென்ற மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வித்தியாசம் பூஜ்யத்துக்கும் கீழே ஒன்று என்று வந்தது. கழித்ததில்தான் தவறு என்று நினைத்து நான்கு முறை கழித்துப் பார்த்தேன். பிறகு மேற்பார்வையாளரிடம் எடுத்துப் போனேன். வணக்கம் சொன்னால்கூடச் சுவரைப் பார்த்து மணி தெரிந்துகொண்ட பிறகே பதில் வணக்கம் சொல்வார் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். "தாளில கழித்தல் குறி போட இடம் இல்லம்மா. நூறு சதவீதம்னு எழுதிட்டுப் போ," என்றார். எழுதினேன். தலைமை அலுவலகம் பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரம் அனுப்பியது. அதுவும் புறப்படும் முன்பே வந்துவிட்டது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. தேர்வு முடிவுகள் தேர்வுக்கு முன்பே வந்ததால், தோற்றவர்கள் போய் எழுதும் சிரமத்தை விட்டார்கள். ஒரு பெண்ணின் அப்பா தன் மருமகன் யார் என்பதைக் கல்யாணப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டு, பையன் வீட்டைத் தேடிப் போனார். ரொட்டிக் கடைக்காரருக்கு அவர் தங்கையிடமிருந்து, உடைந்த கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்து ஒரு கடிதம் வந்தது. அவர் கடையை மூடிவிட்டு எட்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் கட்டிலுக்கு மேலே இருந்த பரண் பெயர்ந்து காலில் விழுந்தது. கையில் சேர்ந்த கடிதம் எதுவும் பொய்யானதில்லை. இது தெரிந்த பிறகு, சைக்கிள் மணி கேட்டால் பட்டப்பகலில் தெரு முழுக்கக் கதவுகள் சாத்தப்பட்டன. கடையில் நிற்பவர்கள் தபால்காரரைக் கண்டால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தபால்காரர்களும் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு நேரம்தான் ஒருவர் கையை நீட்டாமல் இருக்க முடியும்?

ஏழாம் பீட்டின் தபால்காரர் என் அக்காவின் கணவர். ஒரு தபால்காரர் சுற்றும் தெருக்களுக்குப் பீட் என்று பெயர். மாமாவின் பீட்டில் எங்கள் தெருவும் உண்டு. பதினான்கு வருடத்தில் அவர் ஒரு கடிதத்தைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ஏணி மேல் நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தவரிடம் ஏணி ஏறிக் கொடுத்தவர். வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அம்மா, அக்கா, மாமா, நான். அவருடைய பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

நான்காம் தேதி காலையில் என் பிழை தெரிந்தது. மாமா பதினொன்றைச் சேர்க்காமல் வைத்திருக்கிறார் என்பதை நம்ப முடியாமல், மாலையில் அவர் குளிக்கப் போனபோது பையைத் திறந்தேன். கறுப்புக் கோடு போட்ட இரங்கல் உறைகள். எல்லாவற்றிலும் எங்கள் கதவு எண். அம்மா பெயரில் நான்கு, அக்கா பெயரில் ஆறு, என் பெயரில் ஒன்று. எதையும் பிரிக்கவில்லை, மூன்று முறை எண்ண மட்டும் செய்தேன். வீட்டில் நான்கு பேர். மூன்று பேருக்கு ஆறுதல் வந்திருக்கிறது.

மாமா தலையைத் துவட்டியபடி பின்னால் வந்து நின்றார்.

"எண்ணிட்டியா?"

"பதினொண்ணு, மாமா."

"உன் பேர்ல இருக்கறத?"

"உறையத்தான் தொட்டேன்."

"அது பரவாயில்ல. நானா கையில குடுக்கலையே." பையை வாங்கி வாரை இறுக்கினார். "உங்கக்கா கிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா அழுதே என்னைக் கொன்னுடுவா." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

சேராத கடிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துவிடும் ஊரில் அதற்கு எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். பழைய பதிவேடுகளை இரண்டு நாள் புரட்டியதில் ஒன்று கிடைத்தது. பிரிப்பு அலமாரிக்குப் பின்னால் விழுந்து ஏழு வாரம் கிடந்த ஒரு கடிதம், தையற்காரருக்கு வந்தது, அவர் கடைக் கூரை ஜனவரியில் விழுந்ததற்கு யாரோ வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். கூரை இருந்தது. அதன் கீழே தையற்காரர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "கூரைக்கு என்னம்மா? நல்லாத்தானே நிக்குது," என்றார். ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது வகுப்பில் முதல் வாரப் பாடம். அதையும் மாமாவிடம் சொன்னேன். "ஒண்ணு இருக்குல்ல? போதும்," என்றார்.

மூன்றாம் தேதி நான் எழுதியது பிழை. ஐந்தாம் தேதியிலிருந்து எழுதியதைப் பிழை என்று சொல்ல முடியாது. உறைகள் பதினைந்தாயின, பத்தொன்பதாயின, இருபத்து மூன்றாயின. நான் தினமும் 1 என்று எழுதினேன். கடிதம் சேராமல் இருக்க, மாமா உறையின் பின்னால் வீடு பூட்டியிருந்தது என்று குறித்தார். காலையில் அவர் கிளம்பும் முன் சைக்கிள் பிரேக்கை நான் அழுத்திப் பார்ப்பேன். அவர் பொறுமையாக நிற்பார். அவர் மீன் சாப்பிட்டால் முள்ளைப் பார்ப்பேன். "ஏன்டி அவரையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்க? மூஞ்சில என்ன எழுதியா ஒட்டியிருக்கு?" என்று அக்கா கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சமையலறைக் குழாயைப் பழுது பார்த்தார். "நாலு வருஷமா ஒழுகிச்சு. இப்ப என்ன திடீர்னு அக்கறை?" என்று அக்கா அவரையும் சந்தேகமாகப் பார்த்தாள். எனக்கோ, உறையைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணிக்கையிலிருந்தே ஊகித்துவிட்டேனே, அதுவும் பெற்றுக்கொண்டதற்குச் சமம்தானோ என்ற பயம். எண்ணுவது வேறு, வாங்குவது வேறு என்று தினமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதினைந்தாம் தேதி கடிகாரம் எல்லாப் பைகளையும் மேசையில் கொட்டச் சொன்னார். இருபத்து மூன்று உறைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீடு பூட்டியிருந்ததா? இது உங்க வீட்டு விலாசம்யா."

"ஆமா சார்."

"உங்க வீடு உங்களுக்கே பூட்டியிருந்ததா?"

"ஆமா சார். சண்டை."

பிரிப்பு மேசையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடிகாரம் மட்டும் சுவரைப் பார்த்தார். "பன்னிரண்டு நாளா? சரி. நாளைக்கு நானே கொண்டுபோய் அவங்க கையில குடுக்கறேன். எனக்குத் திறப்பாங்கல்ல?" என்று உறைகளைத் தன் மேசையில் வைத்துப் பூட்டினார்.

பதினாறாம் தேதி விடிந்ததும் அம்மாவுக்குக் கண் பரிசோதனை என்றேன். தனியாக அழைத்துப்போகப் பயமாக இருக்கிறது என்று அக்காவையும் கிளப்பினேன். வீட்டைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அம்மா சொட்டு மருந்தோடு கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, கதவு திறக்கும்போதெல்லாம் கடிகாரம் உறைகளோடு உள்ளே வருவார் என்று எனக்குத் தோன்றியது. அவர் வரவில்லை. எங்கள் வாசற்படியில் ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். தண்ணீர் கொடுத்தபோதுகூட இரண்டு நிமிடத்தில் குடித்து முடித்தாராம். ஐந்து மணிக்கு, வீடு பூட்டியிருந்தது என்று தானே எழுதி, நேரமும் போட்டுப் போய்விட்டார்.

நாங்கள் ஐந்தேமுக்காலுக்கு வந்தோம். மாமா ஐந்தரைக்கு வந்துவிடுவார். சுவரோரம் சைக்கிள் இல்லை. ஆறு அடித்தது. அக்கா அரிசி களைந்தாள். நான் வாசலில் நின்றேன். ஆறேகாலுக்குத் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். யாராவது ஓடி வருவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறே நாற்பதுக்கு மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். "பஞ்சர்," என்றார். அன்று இரண்டு முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று பெரியம்மா போன் செய்தார். "நேத்து பேனாவும் பேப்பருமா உக்காந்தேன்டி. யாருக்கு எழுத உக்காந்தேன்னே ஞாபகம் வரல. டிராயர்ல ஒரு ஸ்டாம்ப் வேற காணோம்." அவருடைய கையெழுத்தில் ஓர் உறை அம்மா பெயரில் இருந்ததை நான் சொல்லவில்லை.

இன்று மாலை மாமா சீருடையோடு வாசலில் நின்று மணி அடித்து, கடிகாரம் திரும்பவும் அவர் பையிலேயே போட்டுவிட்ட இருபத்து மூன்றையும் அவரவர் கையில் கொடுத்தார். அக்கா நின்றபடியே ஒன்றைப் பிரித்தாள். படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து மணிக்கட்டை அழுத்திப் பார்த்தாள். எல்லாவற்றையும் நானும் மாமாவும் மாற்றி மாற்றிச் சொல்லி முடிக்க அரை மணி ஆனது. அக்கா இரண்டு பேரையும் திட்டினாள். குழாய்க்காகத் தனியாகத் திட்டினாள். அதன் பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள்.

"எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க. இதுல பாதியக்கூட உங்க கிட்ட நேர்ல சொன்னதில்ல."

"என்னவாம்?"

"ஒரு நாளும் தாமதிக்காதவராம்."

"அது சரிதான்," என்றார் மாமா.

சரிதான். பதினாறில் போட்டது, பதினெட்டில் சேர்ந்தது, வித்தியாசம் இரண்டு. சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் துறை சொன்ன கணக்கின்படி சேர்ந்த கடிதங்கள் இவை மட்டும்தான் என்று நினைக்கிறேன். அக்கா உறைகளை அடுக்கி நூலால் கட்டினாள். "அலமாரியில வை. என்னைக்காவது வேணும்ல. மறுபடி எழுதச் சொல்லி யாரையும் தொல்லை பண்ண வேண்டாம்," என்று அம்மா சொன்னார். வைத்தோம். என் பெயரில் வந்ததை நான் இன்னும் பிரிக்கவில்லை.

மூன்றாம் பீட்டுக்காரர் வீட்டு விலாசத்துக்கு இன்று கறுப்புக் கோட்டு உறைகள் ஐந்து வந்திருக்கின்றன, ஐந்தும் வெவ்வேறு பெயருக்கு. அவர் வீட்டில் ஆறு பேர். ஐந்தில் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. உறை இல்லாத ஆறாவது பெயர் எது என்று பார்த்து வைத்திருக்கிறேன். எட்டேகாலுக்குப் பைகளைக் கட்டிவிடுவார்கள். நாளை எட்டு மணிக்குப் பிரிப்பு மேசைக்குப் போய் அவரிடம் பேச வேண்டும்.