மூன்றாவது பொத்தான்

நிதானக் குழுவின் கூட்டம் நாலு மணி அடித்ததும் தொடங்கிவிடும். ஒரு நிமிடம் பிந்தினாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். அன்றாட வாழ்க்கையில் அவசரப்படாமல் கடவுளைக் கவனிப்பது எப்படி என்று பழகுகிற குழு அது. வாராவாரம் ஒவ்வொருவரும் எழுந்து, அந்த வாரம் கடவுளை எங்கே கண்டோம் என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்லவேண்டும். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும், கடவுள் பாதியில் நின்றாலும் சரி.

இந்தக் கலையில் டைம்டேபிளை மிஞ்ச ஆள் கிடையாது. ரயில்களுக்குக் கால அட்டவணை போடும் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டப்பெயரை வைத்தது மனைவி, பரப்பியது அக்கம்பக்கம். மற்றவர்கள் கடவுளுக்காகக் காத்திருந்து ஏமாந்த வாரங்களில்கூட அவர் கையில் சரக்கு இருக்கும். வியாழக்கிழமை தனக்கு என்ன தோன்றப்போகிறது என்பதைச் செவ்வாய்க்கிழமையே எழுதி முடித்துவிடுவார். பிறகு பூங்காவுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்வார். இலை நுனியில் பனித்துளி இருக்கவேண்டும். இல்லாவிட்டால், கையில் தண்ணீர் பாட்டில் எதற்கு இருக்கிறது?

இன்றைக்கு இரண்டு நிமிடம் இல்லை, பத்து நிமிடம். குழுத் தலைவர் விலகுகிறார். அடுத்தவர் இவரா, போட்டிக்கு நிற்கும் இன்னொருவரா என்பது இன்றைய பேச்சோடு முடிவாகிவிடும். தலைப்பு ‘மெல்ல நட’. சரக்கு அதிகமாகிவிட்டதால், மூச்சு விடாமல் பேசிப் பழகியிருந்தார்.

மனைவியும் கூட வருவதாக ஏற்பாடு. அவளுக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்களாகிவிட்டன. நடை திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. வலது கைதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் போன வாரம் அவரைச் சமையலறைக்குத் தனியாகக் கூப்பிட்டாள்.

“சார், கை பெரும்பாலும் ஆரம்பத்துலதான் வரும். நாளாக ஆக கஷ்டம். அதனால எதையும் நீங்க செஞ்சு குடுக்காதீங்க.”

“நான் எங்கம்மா செய்யறேன்? சும்மா ஒரு உதவி.”

“பாத்துட்டுத்தானே இருக்கேன். சீப்பு நீங்க, ஸ்பூன் நீங்க, டம்ளர் நீங்க. அம்மா கைக்கு நீளமா லீவு குடுத்து வச்சிருக்கீங்க.”

பலமாகத் தலையாட்டினார். மறுநாள் காலை மனைவி சீப்பை எடுத்தாள். அது காதோரம் போய்ச் சேர்வதற்குள் இவருக்கு வியர்த்துவிட்டது. வாங்கி அவரே வாரிவிட்டார். பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் தாமதத்தை ஒழித்துக்கட்டுவதற்காகவே வாழ்நாளெல்லாம் சம்பளம் வாங்கிய மனிதர். பிரியத்தையும் நேரத்துக்குக் கொண்டுசேர்த்துவிடவேண்டும் அவருக்கு.

இப்போது வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் தோளில் ஏறிவிட்டது, பொத்தான்கள் பாக்கி.

“நேரமாச்சும்மா, காட்டு” என்று குனிந்தார்.

அவள் இடது கையால் அவர் விரல்களைத் தட்டிவிட்டாள். “விடுங்க. நானே போட்டுக்கறேன்.”

“வந்து போட்டுக்கலாமே.”

“வந்து கழட்டுவாங்களா, போட்டுக்குவாங்களா? நீங்க கிளம்புங்க. மெல்ல நடன்னு சொல்றதுக்கு ஓடணுமில்ல.”

“உன்னை விட்டுட்டு எப்படிப் போறது? ஒரு நிமிஷம் குடு, நான்...”

“அந்தப் பொண்ணு சமையலறையில சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்க” என்றாள், குரலை இறக்கி. “கைதான் வரலை. காது நல்லாத்தான் இருக்கு.”

வெளியே ஹாரன் அடித்தது. ஜன்னலருகே போய்க் கையை ஆட்டினார். ‘இரு’ என்றா ‘போ’ என்றா என்பது அவருக்கே நிச்சயமில்லை. டிரைவர் ‘போ’ என்று எடுத்துக்கொண்டார். தெருமுனையில் வண்டி திரும்புகிற வரை இவர் பார்த்திருந்தார். கூப்பிட்டிருந்தால் நின்றிருக்கும். கூப்பிடவில்லை.

திரும்பி வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் வலது கைக் கட்டைவிரல் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது, மின்சாரம் போன வீட்டில் தீப்பெட்டியைத் தேடுவதுபோல. தொட்டது, வழுக்கியது, மறுபடி தொட்டது. ஆள்காட்டி விரல் துணைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு வந்தது. உதட்டோரம் நாக்கு நுனி எட்டிப்பார்த்தது. இத்தனை வருஷம் பொத்தான் போட்டவளை அவர் பார்த்திருக்கிறார்; பொத்தான் போடுவதைப் பார்த்ததில்லை. விளிம்பு காஜாவுக்குள் நுழைந்து, பாதியில் நின்று, அந்தப் பக்கம் தலைகாட்டியபோது இவர் தன்னையறியாமல் மூச்சை விட்டார்.

பழக்க தோஷம், கை போனை எடுத்துவிட்டது.

“போட்டோ எடுத்தீங்கன்னா கையை ஒடச்சிடுவேன்.”

“எந்தக் கையால?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் சிரித்த சிரிப்பில் இரண்டாவது பொத்தான் நழுவிப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. போனைக் கட்டிலில் போட்டார். அறையில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அவரும் எந்த அவசரமும் இல்லாமல் அந்தக் கட்டைவிரலையே பார்த்திருப்பதுபோல. திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. திரும்பினால் விரலைத் தவறவிடவேண்டியிருக்கும்.

போன் அடித்தது. குழுச் செயலாளர்.

“எங்க இருக்கீங்க? கதவைச் சாத்தப் போறாங்க. எதிர்க் கட்சிக்காரர் முன்வரிசையில வந்து உக்காந்தாச்சு.”

“வீட்டுலதான். வேலையா இருக்கேன்.”

“இந்த நேரத்துல என்ன வேலை?”

அவர் மனைவியைப் பார்த்தார். “மூணாவது பொத்தான்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கடைசிப் பொத்தானும் ஏறியபோது ஜன்னல் வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. அவள் குனிந்து தன்னைத்தானே பார்த்தாள். ஸ்வெட்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மேலே எங்கோ ஒரு காஜாவைத் தாண்டிவிட்டிருக்கிறாள். அவர் அதை இரண்டாவது பொத்தானிலேயே கவனித்துவிட்டார்.

“நான் ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

“வாய் சொல்லலை. மூஞ்சி அப்போலேர்ந்து சொல்லிட்டுத்தான் இருக்கு.” பெருமூச்சு விட்டாள். “கழட்டிப் போடட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?”

“உன் இஷ்டம்.”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் அடிக்கடி கேட்டதில்லை. ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு வலது கையை மெல்லத் தூக்கிக் கடைசிப் பொத்தான்மேல் வைத்தாள்.

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டார். தன் கைகளை நம்பமுடியாமல், இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.