அலாரத்தை அணைத்தவள்

கை தானாகத்தான் போனது என்று சொல்லலாம், தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம், கொசு என்று நினைத்து அடித்தேன் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் யாரிடம் சொல்வது, யாராவது கேட்டால்தானே, கேட்க வேண்டியவர் உள்ளே போர்வைக்குள் கிடக்கிறார்... அவள் சமையலறை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். பார்ப்பதற்குச் சாதாரண விரல்தான். வெங்காயம் நறுக்கும்போது கூட நிற்கும், ஆபீசில் ரப்பர் ஸ்டாம்பு அடிக்கும், அதற்கு மேல் எந்த வம்புக்கும் போனதில்லை. அந்த விரல்தான் இன்று காலை நாலு இருபத்தொன்பதுக்கு, கணவரின் தலைமாட்டில் கிடந்த போனில், நாலரைக்கு அடிக்க வேண்டிய அலாரத்தை, அடிப்பதற்கு முன்பே அணைத்தது. ஒரே ஒரு தொடல். ஒரு மனிதரின் சுயமுன்னேற்றம் பத்தொன்பதாம் நாளோடு நின்றுபோனது. கொலை செய்தவர்களுக்குக்கூட இப்படித்தான் இருக்குமோ, முதலில் வியர்க்கும், அப்புறம் தண்ணீர் தாகம் எடுக்கும், அப்புறம்... அப்புறம் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. வெந்நீர் தொண்டையில் இறங்குகிறது. எதிர்க் கட்டடத்தின் சுவரில் குழாய் ஒன்று மேலிருந்து கீழே போகிறது. போகட்டும். வருத்தப்பட மாட்டேன், என்று அவள் குழாயிடம் சொன்னாள்.

எல்லாம் அந்தக் காலர் மைக்கால் வந்த வினை. அந்த ஆளின் பெயர் அவளுக்குத் தெரியாது, கணவர் காட்டிய வீடியோவில் சட்டைக் காலரில் குட்டி மைக் ஒன்றைக் குத்திக்கொண்டு, மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நடந்துகொண்டே இருந்தார். கணவர் வேலை செய்யும் டைல்ஸ் கடையில் விற்பனை படுத்துவிட்டது, விற்பனை ஏன் படுத்தது என்று யோசித்த முதலாளி, சூப்பர்வைசர்கள் காலையில் லேட்டாக எழுந்திருப்பதால்தான் என்ற முடிவுக்கு வந்து, நாலு பேரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். போகும்போது முதுகுவலியோடு போனவர், வரும்போது லட்சியத்தோடு வந்தார். முதுகுவலியே தேவலை, அதற்குத் தைலம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினார். நாலரைக்குத் தண்ணீர், நாலு நாற்பதுக்கு நன்றி எழுதுதல், நாலு ஐம்பதுக்குக் கண்ணாடி, ஐந்து மணிக்குக் குதித்தல். இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் அது ரத்தத்தில் ஊறிவிடுமாம், ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். கண்ணாடி முன்னால் நின்று, நான் ஜெயிக்கப் பிறந்தவன், நான் ஜெயிக்கப் பிறந்தவன் என்று மெதுவான குரலில் சொல்வார், மகள் தூங்குகிறாளே என்ற அக்கறையில், அதனால் ஏதோ கடன்காரரிடம் கெஞ்சுகிற மாதிரி கேட்கும். குதிப்பதற்குக் கீழ் வீட்டுக்காரர் மூன்றாம் நாளே மாடிக்கு வந்து சண்டை போட்டார், அதிலிருந்து மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டு, காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் குதிக்கிறார். இருட்டில் ஒரு பெரிய உருவம் சத்தமில்லாமல் மேலே போய்க் கீழே வருவதைப் பார்த்திருக்கிறீர்களா... பார்க்காமல் இருப்பதே நல்லது. நன்றி நோட்டையும் அவள் படித்திருக்கிறாள், திருட்டுத்தனமாக இல்லை, மேசை துடைக்கும்போது. முதல் நாள்: மனைவி, மகள், வேலை. இரண்டாம் நாளும் அதே. ஆறாம் நாள் மனைவியின் இடத்தில் புது ஷூ இருந்தது. பதினோராம் நாள்: ஃபேன், வலது முழங்கால், பக்கத்து வீட்டு வைஃபை. அவள் கோபப்படவில்லை. வைஃபை உண்மையிலேயே நன்றாகத்தான் வருகிறது.

கோபம் அதற்கில்லை. கோபம் இந்த நாற்காலிக்கு. பத்து வருஷமாக நாலரை மணி அவளுடையது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த நேரத்துக்குச் சரியாகப் பசிக்கு அழும், பால் கொடுத்துப் படுக்கவைத்தால் விடிந்துவிடும், பிறகு குழந்தை இரவெல்லாம் தூங்கக் கற்றுக்கொண்டது, அம்மாவுக்குத்தான் தூங்கத் தெரியாமல் போய்விட்டது. கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள், ஒரு நாள் எழுந்து இங்கே வந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் உறைத்தது, யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சட்டை எங்கே என்று கேட்கவில்லை, சாவி எங்கே, மாத்திரை எங்கே, நீ ஏன் இப்படி இருக்கே, எதுவும் இல்லை. அன்றிலிருந்து தினமும். என்ன செய்வாள் இங்கே? ஒன்றும் செய்ய மாட்டாள். சாமி கும்பிடுவதில்லை, படிப்பதில்லை, அழுவதும் இல்லை, அழுதாலாவது ஒரு கணக்கில் சேரும். சும்மா இருப்பாள். ஐந்தரைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். பத்து வருஷத்தில் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது, தெரியாததால்தான் நிலைத்தது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை நாலரைக்கு ஹாலில் விளக்கு எரிந்தது. சரி, ஹால்தானே என்று விட்டாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார், டியூப் லைட்டைப் போட்டார், அது நாலு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தது, அவளைப் பார்த்து, அட, நீயும் எழுந்துட்டியா, பரவாயில்லையே என்றார், ஏதோ அவர் பேச்சைக் கேட்டுத் திருந்தியவளைப் பார்ப்பது போல. மறுநாளும் வந்தார். போன வாரம் கையில் நன்றி நோட்டோடு வந்து நின்றுகொண்டு, "இந்தா பாரும்மா, நீயும் சீக்கிரம் எழுந்து பழகணும். வாழ்க்கையே மாறிடும்" என்றார். "நான் எழுந்துதாங்க இருக்கேன்" என்றாள். "எழுந்திருக்கிறது வேற, விழிச்சிருக்கிறது வேற." காலர் மைக் அவர் வாயில் உட்கார்ந்து பேசியது. "சும்மாதானே உக்காந்திருக்கே..."

அந்தச் சும்மாதானே. அது இன்னும் நெஞ்சில் மீன் முள் மாதிரி நிற்கிறது. அதோடு விட்டாரா, இருபத்திரண்டாம் நாளிலிருந்து ஜோடியாகச் செய்யலாம் என்றார், ஜோடியாகச் செய்தால் இரண்டு மடங்கு பலனாம், அவளுக்கென்று ஊதா நிறத்தில் ஒரு பாய் வாங்கி வந்து ஹால் மூலையில் சாய்த்து வைத்திருக்கிறார், விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஒரு நோட்டும் கொடுத்தார், ஐந்து வருஷத்தில் நீ எங்கே இருக்கப்போகிறாய் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதணும் என்றார். இன்று வெள்ளிக்கிழமை. எங்கே இருப்பேன்... இங்கேதான் இருப்பேன், இதே நாற்காலியில், விட்டால். இதை எழுதினால் வீட்டில் அழுகை வரும், அவருடைய அழுகை. பஸ் டிப்போவில் அவளோடு தொலைந்த பொருள் பிரிவில் வேலை பார்க்கும் குடையக்காவிடம் சொல்லிப் பார்த்தாள். குடைகள் எல்லாம் அக்காவின் பொறுப்பு, ஏழு வருஷத்தில் மூவாயிரம் குடைகளைப் பார்த்தவர், மனிதர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "உனக்கென்னடி கொழுப்பு. எங்க வீட்டு ஆளும் தண்ணிதான் குடிக்குது, சாயங்காலம் ஏழு மணிக்கு. உன் ஆளு காலைல எழுந்து பச்சத் தண்ணி குடிக்கிறாரு, அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே!" அதுதான் சிக்கலே. தப்புப் பண்ணுகிறவரோடு சண்டை போடலாம், ஊரே துணைக்கு வரும். நல்லது பண்ணுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? என்னவென்று புகார் எழுதுவது? அவளுடைய கவுண்டருக்கே அவள் போய் நிற்பதாக வைத்துக்கொண்டாள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தானே உட்கார்ந்திருக்கிறாள், படிவத்தை எடுக்கிறாள். என்னம்மா தொலைஞ்சது? ஒரு மணி நேரம். என்ன கலர்? கொஞ்சம் கருநீலமா இருக்கும், கடைசியில வெளுத்துடும். எங்க வெச்சீங்க? சமையல்கட்டு ஜன்னல்கிட்ட. உள்ள என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாத பொருளை எப்படிம்மா திருப்பித் தர்றது, உங்களோடதுதான்னு நான் எப்படி நம்பறது... ஸ்டாம்பு அடிக்காமல் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். சட்டப்படி சரிதான். அவளே அவளுக்குத் தர மாட்டாள், அப்புறம் யார் தருவார்கள்? அதனால்தான் விரல் போனது. சட்டம் கைவிட்ட இடத்தில் விரல்தான் வேலை செய்யும்.

ஆனால் ஒன்று யோசித்தாயா... யோசிக்கவில்லை. ஒரு நாள் தவறினால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படியென்றால் அவள் அணைத்தது அலாரத்தை அல்ல, பத்தொன்பது நாளை. நாளையிலிருந்து மறுபடி முதல் நாள், மறுபடி மனைவிக்கு நன்றி, மறுபடி கீழ் வீட்டுக்காரர். விட்டிருந்தால் இன்னும் இரண்டே நாளில் முடிந்திருக்குமே... முடிந்திருக்குமா? முடிந்தால் ரத்தத்தில் ஊறிவிடுமே. ஊறினால் ஆயுள் தண்டனை, ஊறாவிட்டால் மறுபடி இருபத்தொரு நாள். வக்கீலே வைத்தாலும் தப்பிக்க வழியில்லாத வழக்கு. அப்படியானால் தினமும் அணைப்பேன், என்று அவள் டம்ளரை ஜன்னல் விளிம்பில் டக்கென்று வைத்தாள். அவர் போனை மாற்றட்டும், கடிகாரம் வாங்கட்டும், சேவலே வளர்க்கட்டும், பார்த்துவிடலாம். அவர் எழுந்து வந்து ஏன் என்று கேட்பார், கேட்கட்டும், நீங்க முன்னேறுங்க, நான் வேணாம்னு சொல்லல, ஹால்ல முன்னேறுங்க, மொட்டை மாடியில முன்னேறுங்க, என் மேல ஏறி முன்னேறாதீங்க என்பாள், இல்லை, அது கொஞ்சம் நாடக வசனம் மாதிரி இருக்கிறது, பத்து வருஷமா நான் எழுந்திருக்கேன், எனக்கு ஏன் விற்பனை ஏறல என்று கேட்பாள், உடனே அடுத்ததைப் போட வேண்டும், சும்மாதானேன்னு சொன்னீங்களே, நீங்க ஒரு நாள் சும்மா இருந்து காட்டுங்க பாப்போம், பத்து நிமிஷம், போனில்லாம, நோட்டில்லாம... எதிர்ச் சுவரின் குழாய் இப்போது தெளிவாகத் தெரிந்தது. எப்போது இவ்வளவு வெளுத்தது? சுவர்க் கடிகாரம் ஐந்து இருபத்தைந்து என்றது. அவளுக்குச் சுரீரென்றது. ஒரு மணி நேரம் முழுக்க அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். அவர் இல்லாத அறையில், தூங்குகிற மனிதரோடு. விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால்கூடப் பத்து நிமிஷத்தில் போய்விடுவாரே, இன்று ஒரு மணி நேரமும் கூடவே உட்கார்ந்திருந்தாரே... நாற்காலியை மீட்டாள், உட்கார இடம் கிடைக்கவில்லை.

செருப்புச் சத்தம். அவள் முதுகை நிமிர்த்தினாள், வசனங்களை வரிசையில் நிறுத்தினாள். அவர் வாசலில் வந்து நின்றார், விளக்கைப் போடவில்லை, தலைமுடி ஒரு பக்கம் கிளம்பியிருந்தது, முகத்தில் ஜெயிக்கப் பிறந்த அறிகுறி எதுவும் இல்லை.

"அலாரத்த நீதானே அணைச்சே?"

"ஆமா." இதற்கு மேல் இருபது வரி தயாராக இருந்தது.

"பாத்தேன். முழிச்சுட்டுதான் இருந்தேன், போன் வெளிச்சம் மூஞ்சில பட்டுது." கதவுச் சட்டத்தில் சாய்ந்து தாடையைச் சொறிந்தார். "மறுபடி வெக்கலாம்னுதான் கை போச்சு. விட்டுட்டேன். அப்படியே கூரையப் பாத்துட்டுப் படுத்திருந்தேன்... ஒண்ணுமே பண்ணல. எவ்ளோ நாளாச்சு தெரியுமா அப்படிப் படுத்து?"

ஒரு மணி நேரம் சாணை பிடித்த கத்தி, எதிராளி சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு நிற்கிறார். இந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டு போய் இறக்கிவைப்பது? யாருக்கும் சொல்லாமல் அவள் வைத்திருந்ததை அவரும் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டார், அது சந்தோஷமா திருட்டா என்றே விளங்கவில்லை, நாளை இதற்கும் ஒரு அட்டவணை ஒட்டுவாரோ, நாலரைக்குக் கூரை, நாலு நாற்பதுக்கு மறுபடி கூரை...

"நாளைக்கு நானும் இங்க வந்து உன்கூட உக்காரட்டுமா? பேச மாட்டேன். சும்மா."

குரலில் லட்சியம் இல்லை. அதுதான் ஆபத்து. பாவமாகக் கேட்டார், உண்மையாகக் கேட்டார், இப்படிக் கேட்டால் அவள் வாயில் சரி பாக்கலாங்க என்று வந்துவிடும், பத்து வருஷமாக அப்படித்தான் வந்திருக்கிறது, பாக்கலாங்க என்றால் ஆகட்டும் என்று அர்த்தம், இந்த வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

"வேணாம்" என்றாள்.

கீழ் வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

"சரி" என்றார் அவர். அவ்வளவுதான். ஆனா என்று ஆரம்பிக்கவில்லை, முகம் சுருங்கவில்லை, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார், பாத்ரூமிலிருந்து ஏதோ பாட்டுக்கூடக் கேட்டது, ராகமில்லாமல்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த மாதிரி இல்லை. கதவை உடைக்கத் தோளைத் தயார் செய்துகொண்டு ஓடிவந்து, கதவு சும்மா சாத்தியிருந்ததால் உள்ளே போய் விழுந்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா அது? அவரா விடாமல் இருந்தார், நானா கேட்காமல் இருந்தேன்... இல்லை, இன்றைக்கு அவர் கூரையைப் பார்த்த மயக்கத்தில் இருக்கிறார், அதனால் சரி என்றார், நாளைக்குக் கேட்டால் தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படி இல்லையென்றால்... அப்படி இல்லையென்றால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் நாலு பிள்ளைகளை இங்கே இறக்கிவிட்டுப் போகும் நாத்தனார், மாசம் ரெண்டு சனிக்கிழமை தன் மதிய ஷிப்டை அவள் தலையில் கட்டும் குடையக்கா, இவர்கள் எல்லாரும்கூடச் சரி என்றுதான் சொல்லியிருப்பார்களா, இத்தனை வருஷமும் அந்தச் சரி அவர்கள் வாயில் தயாராகவா இருந்தது... அவளுக்கு இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

உள் அறையிலிருந்து மகள், கண்ணைத் திறக்காத குரலில், "அம்மா... தண்ணி" என்றாள். பாட்டில் மகளின் தலைமாட்டிலேயே இருக்கிறது, கை நீட்டினால் எட்டும். அவள் கால்கள் அதற்குள் தரையில் ஊன்றிவிட்டன, நாற்காலி லேசாகப் பின்னால் நகர்ந்தது. எழுந்திருக்கப்போகிறேனா, என்று அவள் ஆர்வத்தோடு தன்னையே பார்த்தாள்.